ஓருயிர் ஆட்டம்: பனிக்காட்டில் நாம் கற்ற பாடம்

எமது மொழியில் 'குளிர்' என்பது மங்கலமான சொல். நற்செய்தி கேட்டு மனம் குளிர்கின்றோம்; பிள்ளைகளைக் கண்குளிரக் காண்கின்றோம்; பசியாறியவர் வயிறு குளிர்ந்து வாழ்த்துகின்றார். கிழக்கிலங்கையின் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசி மாதத்தில் 'குளிர்த்தி' நடத்தியே அன்னையின் சினம் தணிக்கப்படுகின்றது. வெயிலிலே பிறந்து வெயிலிலே வளர்ந்த மொழிக்குக் குளிர் என்பது அருளின் மறுபெயர். அத்தகைய மொழியைப் பேசிக்கொண்டே, குளிர் ஆளைக் கொல்லும் நாடுகளில் வந்திறங்கியவர்கள் எம்மவர்.

இதனை நாம் அறியாதிருந்தோம் என்று சொல்வதற்கில்லை. நாடு நீங்குமுன் ஒன்பது ஆண்டுகள் பல்கலைக்கழகமொன்றில் புவியியல் கற்பித்தவர் நாம். தலைக்கு மேலே மின்விசிறி சுழல, வியர்வையைத் துடைத்தபடி, தைகாக் காடுகளையும் துந்திராச் சமவெளிகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கின்றோம். காற்றின் வேகம் கூடக்கூட உடல் எவ்வாறு வெப்பத்தை இழக்கின்றது என்பதற்கான சூத்திரத்தை மாணவர் மனனஞ் செய்து புள்ளிகளும் பெற்றனர். அவ்வகுப்பில் இருந்தவர்களுள் எவரும் பனியைக் கண்டிருக்கவில்லை, கற்பித்தவரும் கண்டிருக்கவில்லை.

எமது அந்த அறிவு எதற்கும் உதவாதது என்பதைக் காட்டியவர் ஓர் இளைஞர்.

2023ஆம் ஆண்டு மாசி மாதம். ரொறன்ரோவின் புறநகரொன்றில் எம்மோடு பேஸ்மென்ற் அறையைப் பகிர்ந்திருந்த அவர், அகதிக் கோரிக்கை விண்ணப்பித்துவிட்டு விசாரணைத் திகதிக்காகக் காத்திருந்தார். இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அன்று வேலை முடியப் பிந்திவிட்டது. கடைசிப் பஸ் போய்விட்டது. வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணம் ஊரிலிருக்கும் தாயாருக்கு இரண்டு நாட் செலவு என்று கணக்குப் பார்த்து, நான்கு கிலோமீற்றர்தானே என நடக்கத் தொடங்கினார். காலில் துணியாலான ஓட்டச் சப்பாத்து. கோப்பை கழுவிய நீரில் அது முன்னரே நனைந்திருந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகை.

பாதி வழியில், தெருவோரப் பனிக்குவியலில் சாய்ந்து அமர்ந்திருந்த அவரைப் பனி வழிக்கும் வாகனத்தின் சாரதி ஒருவர் கண்டு நிறுத்தியதனாலேயே அவர் இன்று உயிரோடிருக்கின்றார். ஆறு வாரங்கள் பொறுத்திருந்து பார்த்த பின்னர், வலது காலில் இரண்டு விரல்களை மருத்துவர்கள் அகற்றினர். மருத்துவமனையில் அவர் எம்மிடம் கூறிய வார்த்தைகள் இவை:

"சேர், முதல் அரை மணித்தியாலம்தான் குளிர்ந்தது. பிறகு குளிரே தெரியேல்லை. நித்திரைதான் வந்தது. கொஞ்சம் இருந்திட்டுப் போவமெண்டு இருந்தனான்."

அவர் எம்மைச் 'சேர்' என்றே அழைப்பார். எமது பழைய தொழிலுக்கு அவர் தரும் மரியாதை அது. அன்று அச்சொல் எமக்குச் சுட்டது. நனைந்த சப்பாத்தோடு நடத்தல் ஆகாது என்பதையும், குளிர் தெரியாமற் போவதே பேராபத்தின் அறிகுறி என்பதையும் நாம் அறிந்திருந்தோம். ஒரே அறையில் ஐந்து மாதம் இருந்தும் ஒரு நாளேனும் அவருக்கு இவற்றைச் சொன்னோமில்லை.

மருமகனின் வகுப்பறை

அவ்வாண்டு பங்குனியில் எமது தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தவேளை, இச்சம்பவத்தைக் கேட்ட பதினைந்து வயது மருமகன் எம்மைத் தன் கணினியின் முன் அமர்த்தினான். "மாமா, இதை விளையாடிப் பாருங்கோ. குளிர் என்ன செய்யுமெண்டு விளங்கும்" என்றான். கணினி விளையாட்டு என்றால் துப்பாக்கிச் சூடு என்றே எண்ணியிருந்தவர் நாம். சூட்டுச் சத்தத்தில் மகிழ்வு காண்பதற்கு எமது கடந்தகாலம் இடந்தருவதில்லை. தயக்கத்தோடேயே அமர்ந்தோம்.

அவ்விளையாட்டின் பெயர் 'தி லோங் டார்க்'. 'நெடிய இருள்' எனத் தமிழில் கூறலாம். கனடாவின் மேற்குக் கரையில் இயங்கும் ஹின்ரர்லாண்ட் ஸ்ரூடியோ என்னும் நிறுவனத்தின் படைப்பு. ரஃபேல் வான் லியரொப் என்பார் 2012இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 2013இல் 'கிக்ஸ்ராட்டர்' வழியாகப் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது இரண்டரை இலட்சம் கனேடிய டொலருக்கு மேற் சேர்ந்தது. முற்றுப்பெறாத வடிவில் 2014 புரட்டாதியில் விற்பனைக்கு வந்து, 2017 ஆவணி முதலாந் திகதி முழுமையாக வெளியாயிற்று.

களம், கனடாவின் வடபுலத்தே அமைந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட 'கிரேற் பெயர்' என்னும் தீவு. புவிக்காந்தப் புயல் ஒன்றினால் மின்சாரம், வானொலி, வாகனம் யாவும் செயலிழந்துவிட்டன. வானத்தில் வடதுருவ ஒளி நெளிகின்றது. கதை சொல்லும் பகுதியொன்று தனியே உண்டெனினும், மருமகன் எமக்குத் தந்தது 'உயிர்பிழைத்தல்' எனப்படும் பகுதி. அதில் கதையில்லை, பகைவரில்லை, பேசுவதற்கு ஒரு மனிதருமில்லை. பனிக்காட்டின் நடுவே தனித்து விடப்படுகின்றோம். உடற்சூடு, களைப்பு, பசி, தாகம் என்னும் நான்கையும் காட்டும் நான்கு அளவிகள் உண்டு. எத்தனை நாள் உயிரோடிருக்கின்றோம் என்பதே ஆட்டம்.

இறந்தால், அதுவரை விளையாடியதன் பதிவு முற்றாக அழிந்துவிடும். "இதிலை சேவ் பண்ணி வைச்சுத் திரும்ப வரேலாது மாமா. செத்தால் முடிஞ்சுது" என்றான் மருமகன். நாம் தலையசைத்தோம். அந்த விதி எமக்குப் புதியதன்று.

கடுமையின் அளவுக்கேற்பப் படிகளும் உண்டு. நெடுங்காலமாக உள்ள நான்கு படிகளுள் இலகுவானது 'யாத்திரிகன்' எனப் பொருள்படும். அடுத்தது 'வொயாஜர்': முற்காலத்தில் தோற்படகுகளிலன்றி மரப்பட்டைப் படகுகளில் கம்பளித்தோல் வணிகப் பொருள்களை ஏற்றிச்சென்ற பிரெஞ்சுக் கனேடியப் படகோட்டிகளின் பெயர். அதற்கடுத்தது பதுங்கித் தொடர்வோன். துப்பாக்கியே கிடைக்காத, மிகக் கொடிய நான்காம் படியின் பெயர் 'இன்ரர்லோப்பர்'. 'அழையாது உள்நுழைந்தவன்' என்பது அதன் பொருள். அகதியென்று விண்ணப்பித்திருப்போர் இப்பெயரைக் கேட்டு ஒரு கணம் புன்னகைத்தாலும் வியப்பதற்கில்லை.

பதினேழு சாவுகள்

மருமகன் எம்மை இரண்டாம் படியிலேயே இறக்கினான். அந்த வசந்தத்தில் நாம் பதினேழு தடவை இறந்தோம். அவற்றுட் சிலவற்றை இங்கே சொல்வது பயனுடைத்து.

முதற் சாவு உணவினால் நேர்ந்தது. பசியளவி இறங்குவதைக் கண்டதும் உள்ளம் பதறிற்று. பசியைக் கண்டு அஞ்சும் தலைமுறையைச் சேர்ந்தவர் நாம். ஏரிக்கரையிலுள்ள குடில்களை ஒவ்வொன்றாகத் துழாவிச் சென்றோம். உணவுப் பேணிகள் இரண்டு கிடைத்தன. மூன்றாவதைத் தேடிச் செல்கையிற் பொழுது சாய்ந்தது. காற்று எழுந்தது. பையில் இரண்டு பேணியும் திறவாதிருக்க, விறைத்து இறந்தோம்.

"சாப்பாட்டைத் தேடாதேங்கோ மாமா, முதல்ல நெருப்பைத் தேடுங்கோ" என்றான் பிள்ளை. விளையாட்டில் பசி கொல்வதற்கு நாட்கள் செல்லும். தாகம் அதனினும் விரைவில் கொல்லும். குளிர் சில மணி நேரத்தில் முடித்துவிடும். மெய்வாழ்விலும் வரிசை இதுவே. உணவின்றி மனிதன் வாரக்கணக்கில் உயிர் தரிக்கலாம்; நீரின்றிச் சில நாள்; கடுங்குளிரில் மறைவிடமின்றிச் சில மணி நேரமே.

இன்னொரு சாவு குறுக்குவழியினால் வந்தது. சுற்றிப் போவதற்குச் சோம்பி, உறைந்த சதுப்புநிலம் ஒன்றின் நடுவே நடந்தோம். அத்தகைய நிலத்தை 'மஸ்கெக்' என்பர். அது வட அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல் என்று நாம் வகுப்பில் விளக்கியதுண்டு. சொல்லின் பிறப்பு தெரிந்திருந்தது. காலின் கீழே பனிக்கட்டி நெரியும் ஓசையின் பொருள் தெரியவில்லை. கட்டி உடைந்தது. கரையேறியபோது உடுத்திருந்த யாவும் நனைந்து, காற்றில் உறைந்து பலகையாயின. நெருப்பு மூட்டுமுன் கதை முடிந்தது.

மூன்றாவது வகைச் சாவு எம்மவருக்கே உரியது. விளையாட்டில் முப்பது கிலோவுக்கு மேற் சுமந்தால் நடை தளரும். நாமோ எதனையும் விட்டுச்செல்ல மனமின்றி, கண்டது யாவற்றையும் பையில் இட்டோம். உடைந்த கருவி, கிழிந்த துணி, பழைய புத்தகம். என்றேனும் உதவும் என்னும் எண்ணம். வீடொன்றைப் பத்து நிமிடத்தில் விட்டு ஓடியவர்களுக்கு, கையிற் கிடைத்ததை விடுதல் எளிதன்று. "மாமா, இதெல்லாம் என்னத்துக்கு?" என்று பிள்ளை கேட்டபோது மறுமொழி கூறவில்லை. சுமையோடு மெல்ல நடந்து, இருட்டுமுன் குடிலை அடையமாட்டாது இறந்தோம்.

வேட்டையாடிய மானின் பச்சை இறைச்சியைச் சுமந்து சென்று, அதன் மணம் நுகர்ந்து வந்த ஓநாய்க்கு இரையானதும் உண்டு. ஆயினும் மிக அதிகமான தடவைகள் இறந்தது ஒரே காரணத்தினாலேயே. குடில் கண்ணுக்குத் தெரிகின்றது; காற்று மெல்ல எழுகின்றது; இன்னும் ஐந்நூறு அடிதானே என்று வெளிக்கிடுகின்றோம்; பனிப்புயல் இறங்குகின்றது; குடில் மறைகின்றது; வட்டமிட்டு நடந்து வீழ்கின்றோம். 'இன்னும் கொஞ்சத் தூரம்தானே' என்னும் அந்த எண்ணத்தோடுதான் எமது அறைத்தோழரும் அன்றிரவு நடக்கத் தொடங்கினார்.

பதினெட்டாவது ஆட்டத்தில் வேறு வகையாக நடந்தோம். காலையில் வெளிவந்ததும் காற்று எத்திசையிலிருந்து வருகின்றது எனப் பார்த்தோம். போகுமுன்னரே திரும்பும் நேரத்தைத் தீர்மானித்தோம். புயல் வந்தால் பாழடைந்த காருக்குள்ளேனும் புகுந்து காற்றிலிருந்து ஒதுங்கினோம். பனியை உருக்கி, கொதிக்கவைத்து, நாளைக்கான நீரை இன்றே சேர்த்தோம். நனைந்த காலுறையை அடுப்பருகே உலர்த்தாமல் ஓரடியும் எடுத்துவைக்கவில்லை. நாற்பத்தொரு நாட்கள் உயிரோடிருந்தோம். எமக்கு வீரமேதும் புதிதாக வந்துவிடவில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கக் கற்றிருந்தோம், அவ்வளவே.

விளையாட்டு சொல்லும் மெய்

இவ்விளையாட்டு காட்டும் பல செய்திகள் அறிவியலுக்கு ஒத்தவை.

முதலாவது, காற்று. வானொலியில் வானிலை சொல்கையில் வெப்பநிலையோடு காற்றுக்குளிர்ச் சுட்டியையும் சொல்வர். கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் இப்போது வழங்கும் சுட்டி 2001இல் நடைமுறைக்கு வந்தது. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையாக இருக்கும் நாளில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்றடித்தால், மூடாத தோலுக்கு அது கீழே 33 பாகை போன்றது. அந்நிலையில் வெறுந்தோல் 10 முதல் 30 நிமிடத்துள் உறையக்கூடும். முதலில் உறைவன விரல், மூக்கு, காது, கன்னம். ஆகவே வீட்டை விட்டு இறங்குமுன் கேட்கவேண்டிய இலக்கம் இரண்டாவது இலக்கமே.

இரண்டாவது, ஈரம். நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவரும். நனைந்த பருத்தி உடை சூட்டைக் காப்பதில்லை; கம்பளி ஓரளவு காக்கும். உடலோடு ஒட்டிய மெல்லிய உடை, அதன்மேற் கம்பளி, அதற்கும் மேற் காற்றுப் புகாத அங்கி என அடுக்கடுக்காக உடுத்தல் வேண்டும். வேர்த்தால் ஓரடுக்கைக் கழற்ற வேண்டும். விரல்கள் ஒன்றாகக் கூடியிருக்கும் பைபோன்ற கையுறை, விரல்விரலாகப் பிரிந்த கையுறையினும் வெப்பமானது.

மூன்றாவது, மயக்கம். எமது உடலின் உள்வெப்பம் 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. முதலில் உடல் நடுங்கும். பின்னர் நா குழறும், கால் தடுமாறும், கையிலுள்ளது நழுவும், புத்தி மங்கும். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். சிலர் வெக்கை எடுக்கின்றதென்று உடையைக் கழற்றுவதும் உண்டு. 'குளிரே தெரியேல்லை, நித்திரைதான் வந்தது' என்று எமது தோழர் சொன்னது இந்தப் படியையே. ஒருவர் நடுங்குவதை நிறுத்திவிட்டுப் பேசாதிருந்தால், அவர் தேறிவிட்டார் என்று எண்ணலாகாது.

நான்காவது, பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்தல். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற், தம்மையே பன்முறை பனிநீரில் ஆழ்த்தி ஆராய்ந்தவர். கரும்பலகையோடு நின்றுவிட்ட எம்போன்றோர் வெட்கித் தலைகுனியவேண்டிய ஆசான். அவர் பரப்பிய விதி 'ஒன்று, பத்து, ஒன்று' என்பது. முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கி நிதானத்துக்கு வரவேண்டும். அடுத்த பத்து நிமிடமே கைகால்கள் சொற்கேட்கும். நினைவிழக்க ஒரு மணி நேரம் வரை உண்டு. வீழ்ந்தவுடன் இறந்தோம் என்றெண்ணிப் பதறுவோரே முதல் நிமிடத்தில் மூழ்குகின்றனர்.

விளையாட்டு சொல்லாத மெய்

விளையாட்டை வேதமாகக் கொள்ளலும் தவறு. உயிர்காக்கும் கைநூல் அன்று அது. சிலவற்றை அது மிகைப்படுத்துகின்றது, சிலவற்றைச் சொல்வதேயில்லை.

அங்கே ஓநாய்கள் மனிதரைக் கண்டதும் பாய்கின்றன. மெய்யான ஓநாய் பெரும்பாலும் மனிதரை விட்டு விலகியோடும். வட அமெரிக்காவில் ஓநாயால் மாண்டவர்கள் மிகச் சிலரே. ஓநாய்க்கு அஞ்சிக் காற்றை மறப்பவர் பகையை மாற்றி அறிந்தவர் ஆவார்.

அங்கே குகைக்குள்ளும் விறகெரித்துக் குளிர்காயலாம். மெய்வாழ்வில் மூடிய அறையில் கரியடுப்பு எரித்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். கரி எரிகையில் வெளிவரும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லும். மின்சாரம் தடைப்பட்ட இரவில் 'பார்பிக்கியூ' அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்ட ஒருபோதும் நினையாதீர். பனியிற் புதைந்த காரை இயக்கிக் குளிர்காய்வோர், முதலிற் புகைபோக்கும் குழாயின் வாயிலுள்ள பனியை அகற்றுதல் வேண்டும்.

உறைந்த விரலைத் தேய்க்கலாகாது. பனியால் உரஞ்சுதல் இன்னும் கேடு. மீண்டும் உறைய இடமில்லாத இடத்துக்கு வந்த பின்னரே, உடற்சூட்டை ஒத்த வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்த வேண்டும். மதுவருந்தினால் சூடு ஏறும் என்பது மாயை. தோலுக்குக் குருதி பாய்ந்து வெம்மை போலத் தோன்றும், உள்வெப்பமோ வெளியேறிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. விளையாட்டில் அழைத்தாலும் வர எவருமில்லை. இங்கே உண்டு. கனடாவில் 911 என்னும் மூன்று இலக்கங்கள் போதும். கோரிக்கை முடிவாகவில்லை, கடிதம் வரவில்லை, விசா இல்லை என்றெண்ணி உயிராபத்து வேளையிலும் அழைக்க அஞ்சுவோர் எம்மிடையே இருக்கின்றனர். எமது தோழரிடம் கைபேசி இருந்தது. அதில் மின்னூட்டமும் இருந்தது. "பொலிஸ் வந்து கேஸைக் குழப்பிப்போடுவாங்கள் எண்டு பயந்திட்டன் சேர்" என்றார். அவரது இரு விரல்களைக் கொண்டுபோனதில் குளிருக்கு உள்ள பங்கு இந்த அச்சத்துக்கும் உண்டு. இரவில் ஒதுங்க இடமில்லாதோர் ஒன்ராறியோவில் 211 என்னும் இலக்கத்தை அழைத்து, தங்குமிடம் குறித்துக் கேட்டறியலாம்.

எல்லையில் உறைந்தவர்கள்

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துரைக்கின்றோம் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு.

2016 மார்கழி 24ஆம் நாளிரவு, ஐக்கிய அமெரிக்காவில் தஞ்சம் மறுக்கப்பட்ட கானா நாட்டவர் இருவர், மனிற்றோபாவின் எமர்சன் என்னும் ஊரை நோக்கிப் பனிவயல்களினூடே நடந்தனர். இடுப்பளவு பனி. கையுறைகளைக் காற்று கொண்டுசென்றது. உயிர் பிழைத்தனர், ஏறத்தாழக் கைவிரல்கள் அனைத்தையும் இழந்தனர். பின்னர் 2017இல் அவர்களுக்குக் கனடாவில் அகதி நிலை வழங்கப்பட்டது.

2022 தை 19ஆம் நாள், அதே எமர்சனுக்கு அருகில், எல்லைக்கோட்டிலிருந்து சில மீற்றர் தூரத்தில், குஜராத் மாநிலத்துக் குடும்பமொன்றின் நால்வர் உறைந்து இறந்துகிடக்கக் காணப்பட்டனர். தந்தை, தாய், பதினொரு வயதுச் சிறுமி, மூன்று வயதுப் பாலகன். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நடந்து செல்ல முகவர்கள் அவர்களை அனுப்பியிருந்தனர். காற்றோடு சேர்த்து அன்றைய குளிர் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை. 2024 கார்த்திகையில் மினசோற்றா மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமொன்றின் ஜூரிகள், இக்கடத்தலில் தொடர்புடைய இருவரைக் குற்றவாளிகளெனக் கண்டனர். தீர்ப்பு வந்தது, அக்குழந்தைகள் வரவில்லை.

எல்லை கடப்பதன் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் முகவர் ஒருவர் 'கொஞ்சத் தூரம்தான், நடந்துவிடலாம்' என்று தை மாதத்தில் எவரிடமேனும் சொல்வாராயின், அவர் விற்பது வழியையன்று, சாவையே என்பதை எம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். வெயில்நாட்டிலிருந்து வந்தவருக்கு 'நான்கு கிலோமீற்றர்' என்பதன் பொருள் வேறு. பனிநாட்டில் தூரத்தைக் கிலோமீற்றரால் அளப்பதில்லை. எத்தனை நிமிடம் தோல் தாங்கும் என்பதனாலேயே அளக்க வேண்டும்.

அறைக்குள் வரும் நோய்

இன்னுமொன்றையும் இவ்விளையாட்டிடமிருந்து கற்றோம். அதனை நாம் எதிர்பார்க்கவில்லை.

நாற்பத்தொரு நாள் உயிரோடிருந்த ஆட்டத்தில், பாதுகாப்பாக இருப்போம் என்று எண்ணிப் பல நாட்கள் தொடர்ந்து குடிலுக்குள்ளேயே முடங்கியிருந்தோம். விறகிருந்தது, நீரிருந்தது, இறைச்சியிருந்தது. திடீரென ஓர் எச்சரிக்கை தோன்றிற்று. நெடுநேரம் உள்ளேயே அடைந்திருந்தமையால் 'கபின் ஃபீவர்' எனப்படும் நோய் அணுகுகின்றது என்றது. அந்நோய் வந்தால் கூரையின் கீழ் உறங்கவே முடியாது. வெளியே சென்றுதான் தீரவேண்டும்.

நாம் கணினியை விட்டு எழுந்து நின்றுவிட்டோம். இதுவன்றோ எம்மவரின் பனிக்கால நோய்! விசாரணைத் திகதி வரும்வரை பேஸ்மென்ற் அறையில், சன்னலில் பனி மூடியிருக்க, பகலிலும் விளக்கெரித்து, தொலைபேசியை நோக்கியபடி மாதக்கணக்கிற் கிடப்போர் எத்தனை பேர்? வெளியே போனாற் குளிர் கொல்லும். உள்ளேயே இருந்தால் மனம் கொல்லும். எமது தோழர் கால் ஆறும்வரை மூன்று மாதம் அவ்வாறே கிடந்தார். அவ்வேளையில் அவரை அழித்துக்கொண்டிருந்தது காற்புண் அன்று.

ஒரு நாள் அவரையும் மருமகனிடம் அழைத்துச் சென்றோம். பிள்ளை தன் இருக்கையை அவருக்குக் கொடுத்தான். வைகாசி மாதம், வெளியே மரங்கள் துளிர்த்திருந்தன. திரையிலோ பனி. அவர் விளையாட்டுத் தொடங்கி ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில், பொழுதுசாயும் நேரத்தில், ஒரு குடிலை அடைந்தார். தூரத்தே இன்னொரு பெரிய வீடு தெரிந்தது. "அண்ணை, அங்கை நிறையச் சாமான் இருக்கும்" என்று பிள்ளை வேண்டுமென்றே ஆசை காட்டினான். தோழர் அவ்வீட்டைச் சற்றுநேரம் பார்த்தார். பின்னர் கதவைச் சாத்தி, அடுப்பை மூட்டி, சப்பாத்தைக் கழற்றி நெருப்பருகே வைத்தார்.

"விடியப் போவம் தம்பி" என்றார்.

நாம் பதினேழு தடவை இறந்து கற்றதை அவர் இரண்டு விரல் கொடுத்துக் கற்றிருந்தார். அதனை முன்னரே, ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரத்தில், நாம் அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

அன்பார்ந்த வாசகர்களே! ஒவ்வொரு பனிக்காலத்துக்கு முன்னரும் புதியவர்கள் வந்துகொண்டேயிருக்கின்றார்கள். கடந்த ஐப்பசியில் எமது அடுக்குமாடிக்கு ஓர் இளந்தம்பதியர் கைக்குழந்தையோடு வந்தனர். நாமும் தோழரும் அவர்கள் கதவைத் தட்டினோம். அந்தக் கணவர் சங்கோசத்தோடு, "எங்களிட்டை ஜக்கெற் இருக்கு அண்ணை, பிரச்சினையில்லை" என்றார். தோழர் ஒன்றும் பேசாமல் தன் வலது காலுறையைக் கழற்றிக் காட்டினார். அன்று மாலையே நால்வருமாகச் சென்று, பழைய பொருட்கள் விற்கும் கடையில், அவர்கள் இருவருக்கும் பனிச்சப்பாத்தும் குழந்தைக்குக் கம்பளித் தொப்பியும் வாங்கி வந்தோம்.

உங்கள் வீட்டுக்கு அருகிலும் அவ்வாறு புதிதாக வந்தவர் எவரேனும் இருப்பர். மழையோடு மழையாக முதற் பனி கலந்து வீழுமுன் அவர் கதவை ஒருமுறை தட்டுங்கள். அவர் சப்பாத்தைப் பாருங்கள்.